கேடயங்கள் கூறும் ஊர்க்கதை

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், தேம்ஸ் ஆற்றின் கழிமுகத்திற்கு வடக்கே, எஸ்ஸெக்ஸ் என்னும் கவுண்டி அமைந்துள்ளது. நம் நாட்டு வழக்கில் கவுண்டி என்பதை ஏறக்குறைய மாவட்டம் எனலாம். அங்குள்ள ஊர் மன்றங்கள் பல, வண்ணக் கேடயம் ஒன்றைத் தமக்குரிய சின்னமாகக் கொண்டுள்ளன. அது வெறும் அழகுக்காகத் தீட்டிய ஓவியம் அன்று. படிக்கத் தெரிந்தவர்க்கு ஊரின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லும் ஓர் எழுத்து. அவ்வெழுத்தைப் படிக்கும் முறையைச் சிறிது காண்போம்.

கேடயச் சின்னங்கள் ஐரோப்பாவில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தோன்றின. முகத்தை மறைக்கும் தலைக்கவசம் அணிந்த வீரனை அடையாளம் காணக் கேடயத்தின் வண்ணமே துணையாயிற்று. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள் எனப்பட்டன. செம்மை, நீலம், கருமை, பசுமை, ஊதா ஆகியவை நிறங்கள் எனப்பட்டன. உலோகத்தின்மேல் உலோகமோ, நிறத்தின்மேல் நிறமோ வருதல் கூடாது என்பது விதி. காரணம் எளிது. மஞ்சளின்மேல் வெண்மையும், நீலத்தின்மேல் கருமையும் தொலைவிலிருந்து நோக்குவார்க்குப் புலப்படா. பின்னர் இச்சின்னங்கள் போர்க்களத்தை விட்டுப் பிரபுக்களின் இல்லங்களுக்கும், அங்கிருந்து நகர மன்றங்களுக்கும் வந்து சேர்ந்தன. 1484இல் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் நிறுவிய சின்னக் கழகமே இன்றும் அரசின் பெயரால் இவற்றை வழங்கி வருகின்றது.

முதலில் கவுண்டியின் சின்னத்தை நோக்குவோம். செந்நிறக் கேடயத்தில் மூன்று வளைந்த வாள்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கின்றன. அவ்வாளுக்குச் சீக்ஸ் என்று பெயர். சாக்சன் என்னும் இனப்பெயரே இதிலிருந்து பிறந்தது என்பர். எஸ்ஸெக்ஸ் என்பதற்குக் கிழக்குச் சாக்சன்கள் என்பது பொருள்; ஆகவே வாளும் ஊர்ப்பெயரும் ஒன்றையொன்று விளக்குகின்றன. ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. கிழக்குச் சாக்சன்களின் அரசு 825இல் வெஸ்ஸெக்ஸ் அரசுக்கு அடங்கிற்று. கேடயச் சின்னம் என்னும் வழக்கமோ அதற்கு முந்நூறு ஆண்டுகள் கழித்தே தோன்றியது. அம்மன்னர்கள் இவ்வாள்களைத் தம் கேடயத்தில் தீட்டியிருத்தல் இயலாது. பிற்கால எழுத்தாளர்கள் முன்னோர்க்குச் சூட்டிய அணி இது. அண்டைக் கவுண்டியாகிய மிடில்ஸெக்ஸும் இதே மூன்று வாள்களை வழங்கி வந்தது. 1910இல் அதற்கு முறைப்படி சின்னம் அளித்தபோது, வேறுபாடு தெரிய மேலே ஒரு சாக்சன் முடியைச் சேர்த்தனர். முடியில்லாத வாள்கள் 1932இல் எஸ்ஸெக்ஸுக்கு உரிமையாயின.

அடுத்தது கோல்செஸ்டர் நகரம். கிளைகள் தறிக்கப்பட்ட இரு மரக்கட்டைகள் சிலுவையாய் அமைய, உடன் மூன்று பொன்முடிகள் விளங்குகின்றன. ஐந்தாம் ஹென்றி மன்னர் 1413இல் இந்நகருக்கு அளித்த பட்டயத்திலேயே இச்சின்னம் தீட்டப்பட்டுள்ளது. ரோமப் பேரரசர் கான்ஸ்டண்டைனின் அன்னை ஹெலனா, எருசலேமில் இயேசுவின் சிலுவையைக் கண்டெடுத்தார் என்பது கிறிஸ்தவ மரபு. குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானியரின் எலும்புகளையும் அவரே கண்டார் என்பர். மூன்று முடிகள் அவர்களைக் குறிப்பன. அவ்வன்னை கோல்செஸ்டரை ஆண்ட கோயல் என்னும் அரசனின் மகள் என்று இடைக்காலக் கதை கூறிற்று. அவர் ஆசியா மைனரில் பிறந்தவர் என்பதே வரலாற்று ஆசிரியர் பலரின் கருத்து. எனினும் ஊரார் அவரைக் கைவிடவில்லை. 1902இல் திறக்கப்பட்ட நகர மண்டபத்தின் கோபுர உச்சியில் அவருடைய உருவமே நிற்கின்றது.

சாப்ரன் வால்டன் என்னும் சிற்றூரின் சின்னம் சொல் விளையாட்டு ஒன்றைக் கொண்டது. கோட்டை மதிலின் நடுவே குங்குமப்பூ மலர்கள் மூன்று காட்சி தருகின்றன. ஆங்கிலத்தில் சாப்ரன் என்பது குங்குமப்பூ; வால்டு இன் என்றால் மதிலுக்குள் அடைத்தது. ஊர்ப்பெயரை உரக்கச் சொன்னாலே படம் கண்முன் தோன்றும். காஷ்மீரத்துக் குங்குமப்பூவை அறிந்த நமக்கு இங்கிலாந்தில் அது விளைந்தது வியப்பாயிருக்கலாம். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் சாயத்துக்கும் மருந்துக்கும் உணவுக்குமாக இவ்வூரைச் சுற்றிலும் அதனைப் பயிரிட்டனர். முன்னர்ச் சிப்பிங் வால்டன் எனப்பட்ட ஊர், பயிரின் பெயரையே தன் பெயராக ஏற்றது. பயிர்த்தொழில் பின்னர் மறைந்தது. மலர் சின்னத்தில் நிலைத்தது.

கடற்கரை நகரமாகிய சவுத்தெண்டு 1915இல் சின்னம் பெற்றது. அதன் கேடயம் நான்கு உருவங்கள் உடையது. ஒவ்வொன்றும் ஒரு பழைய கிராமத்துத் தேவாலயத்தைச் சுட்டும். லில்லி மலர்கள் பிரிட்டில்வெல் ஆலயத்தின் தேவமாதாவுக்கு உரியவை. நங்கூரத்தில் பிணித்துக் கடலில் எறியப்பட்ட தூய கிளமெண்டை லீ கிராமத்தின் நங்கூரம் நினைவூட்டும். இரும்புக் கம்பித் தட்டின்மேல் எரிக்கப்பட்ட தூய லாரன்ஸை ஈஸ்ட்வுட்டின் தட்டு குறிக்கும். சவுத்சர்ச்சின் மூவிதழ் இலை திரித்துவத்தைக் காட்டும். கேடயத்தின் இருமருங்கும் ஒரு துறவியும் ஒரு மீனவனும் நிற்கின்றனர். “கடலாலும் திருச்சபையாலும்” என்பது கீழுள்ள இலத்தீன் வாசகத்தின் பொருள். நகரம் வளர்ந்து கிராமங்களை விழுங்கியபோது, அவற்றின் பெயர்களை மறவாதிருக்கச் செய்த ஏற்பாடு இது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சின்னம் சட்டப்படி ஊருக்கு உரியதன்று, மன்றத்துக்கே உரியது. மன்றம் கலைந்தால், அரசாணையால் வேறொன்றுக்கு மாற்றப்பட்டாலன்றிச் சின்னத்தின் உரிமையும் அற்றுப்போகும். 1965இலும் 1974இலும் ஆட்சி எல்லைகள் திருத்தப்பட்டபோது பழைய மன்றங்கள் பல மறைந்தன. அதுவரை எஸ்ஸெக்ஸைச் சேர்ந்திருந்த மேற்கு ஹாமும் கிழக்கு ஹாமும் 1965இல் லண்டன் மாநகரோடு இணைந்து நியூஹாம் ஆயின. புதிய மன்றம் மேற்கு ஹாமின் கேடயத்தைத் தழுவிக்கொண்டது. கிழக்கு ஹாமின் இலத்தீன் வாசகத்தை ஆங்கிலமாக்கி ஏற்றது. “மக்களோடு முன்னேற்றம்” என்பது அதன் பொருள். ஒருவர் கேடயம் தந்தார். மற்றவர் சொல் தந்தார். இணைந்த இருவருள் ஒருவரும் தம்மை இழந்ததாக எண்ண இடமில்லை.

அக்கிழக்கு ஹாமில் இன்று தமிழர் பலர் வாழ்கின்றனர். முருகன் கோயிலும் உண்டு. அவர்கள் வரி செலுத்தும் மன்றத்தின் சின்னத்தில் அவர்தம் முன்னோர் கதை ஏதும் இல்லை. ஆயினும் அவ்வாசகத்தில் உள்ள மக்கள் என்னும் சொல் அவர்களையும் உள்ளடக்கியதன்றோ? பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலத்தில் வாழும் நாமும் இதனை எண்ணிப் பார்க்கலாம். நாம் வாழும் நகரின் சின்னம் நம் வீட்டு வரி ரசீதின் தலைப்பிலேயே இருக்கக்கூடும். அதில் உள்ள உருவம் யாது, வாசகம் எம்மொழியில் எப்பொருள் தருவது என்று அவ்வூர் முதியவர் ஒருவரைக் கேட்டறிவோம். ஊரின் கதையைக் கேட்டு அறிந்தவர்க்கு அவ்வூர் முன்போல் அயலூராய் இராது.