இருட்டறைக்குள் ஒரு செக்கச் சிவந்த நிலா

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் என்றதும் நியூட்ரினோதானே ஞாபகம் வருகிறது? மலையைக் குடைந்து, 50,000 டன் இரும்பை உள்ளே அடுக்கி, கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்கப் போகிறோம் என்றார்கள். வழக்கும் வாதமுமாகவே வருஷங்கள் ஓடிவிட்டன. அது கிடக்கட்டும். ஊரிலிருந்து ஒரு பக்கம் போனால் போடி, இன்னொரு பக்கம் சின்னமனூர். கண்ணுக்குத் தெரியாததைப் பிடிக்கிற வேலை அங்கே சத்தமே இல்லாமல் நடக்கிறது. இரண்டு ஊரிலும் அரவிந்த் கண் மருத்துவமனையின் பரிசோதனை மையம் இருக்கிறது.

இப்படி ஒரு மையத்துக்குள் எட்டிப் பார்ப்போமா? செருப்பை வாசலில் விட்டுட்டு வாங்க. டாக்டரைத் தேடாதீங்க, அவர் இங்கே இல்லை! இருப்பது பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி எடுத்த சிஸ்டர்கள். டாக்டர் தேனியில் உட்கார்ந்துகொண்டு, கணினித் திரை வழியாக நோயாளியிடம் பேசுவார்.

இனி கேமரா. “தாடையை இதுல வைங்கம்மா. நெத்தியை ஒட்டி வைங்க. சிமிட்டாதீங்க...” பளிச்! “ஆத்தாடி, மின்னல் வெட்டுன மாதிரி இருக்கே பாப்பா!” அவ்வளவுதான், திரையில் அந்த அம்மாவின் விழித்திரை வந்துவிட்டது. செக்கச் சிவந்த நிலா ஒன்று, நடுவே கிளை கிளையாகப் பிரியும் ரத்தக் குழாய்கள். முல்லைப் பெரியாறும் அதன் வாய்க்கால்களும் பாயும் நம் பள்ளத்தாக்கை ஆகாயத்திலிருந்து பார்த்தது போலவே இருக்கும். சர்க்கரை நோய் அந்த வாய்க்கால்களைத்தான் உடைக்கிறது. முதலில் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள், பிறகு மஞ்சள் திட்டுகள். அதுவரை பார்வை தெளிவாகத்தான் இருக்கும், வலியும் இருக்காது. மங்கியபின் வருகிறவருக்கு இழந்த பார்வை முழுசாகத் திரும்புவது அரிது. தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்கிறது 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு. இத்தனை பேர் கண்ணையும் வருஷம்தோறும் பார்க்க டாக்டருக்கு எங்கே போவது?

அதற்குத்தான் விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயைக் கண்டறிய கூகுள் ஒரு செயற்கை நுண்ணறிவைப் பழக்கியது. 2016இல் அதைப் பற்றி வந்த கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? 1,28,175 படங்களை 54 கண் மருத்துவர்கள் பிரித்துக்கொண்டு தரம் பிரித்தார்கள். ஒரே படத்தை மூன்று முதல் ஏழு பேர் வரை பார்த்தார்கள். ஏன்? டாக்டருக்கு டாக்டர் கருத்து மாறும்! படங்களில் ஒரு பங்கு அரவிந்திலிருந்தே போனது. நம்மூர்க் கண்களும் சேர்ந்துதான் அதற்குப் பாடம் நடத்தியிருக்கின்றன. 2019 முதல் தமிழ்நாட்டில் 45 இடங்களில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அது பரிசோதித்திருக்கிறது. விழித்திரை நோய் முற்றிய நிலையில் இருந்தவர்களில் 100க்கு 97 பேரைச் சரியாகப் பிடித்தது என்று 2025இல் முடிவு வந்தது.

ஆனால் மாலையை அதன் கழுத்தில் மட்டும் போட நான் தயாரில்லை. தேனியில் அதற்கு முன்பே இன்னொரு கூத்து நடந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்து எரிக் புரூவரின் குழு, வீட்டுக்குள் ஓடும் அதே வைஃபையைக் கோபுரம் ஏற்றி, ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர் மையங்களைத் தேனி மருத்துவமனையோடு இணைத்தது. மலையும் மழையும் காலை வாரும் என்றுதானே நினைப்போம்? வில்லனாக வந்தது கரண்ட்! கிராமத்து மின்சாரம் சில நேரம் 1,000 வோல்ட் வரை எகிறிக் கருவிகளைப் பொசுக்கியதை 2008இல் அவர்களே எழுதினார்கள். மின்சாரத்தைக் கட்டிக் காக்கத் தனிக் கருவியே செய்ய வேண்டியதாயிற்று. உள்ளூர் ஆட்களுக்குப் பழுது பார்க்கச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் அந்த இணைப்பு நிலைத்தது.

எந்தக் கெட்டிக்கார இயந்திரமாக இருந்தாலும், அதன் முன்னால் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டுமே! ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மதுரைக்கு யாரும் விழித்திரையைக் காட்டப் போகமாட்டார்கள். போடி என்றால் சந்தைக்கு வந்த கையோடு முடித்துவிட்டுப் போய்விடலாம். என்னைக் கேட்டால், இங்கே பெரிய கண்டுபிடிப்பே அந்தப் பஸ் தூரம்தான்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ சர்க்கரை இருந்தால், பார்வை பளிச்சென்று இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணின் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாகத் தெரியும். அன்றைக்கு மட்டும் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் போங்கள்.