உங்களுக்குத் தெரியுமா? மேசைப் போருக்கு ஒரு மண்கோட்டை

அறிவியல் புனைகதை எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ என்ற பொம்மைப் போர் ஆட்டத்தில், பொம்மைப் பீரங்கிக் குண்டு சாய்த்த வீரன் அப்போதே களத்தைவிட்டு நீங்குவான். தென்காசி மாவட்டத்து வாசுதேவநல்லூர்க் கோட்டை முற்றுகையை மேசையில் ஆட இந்த விதி போதாது. பூலித்தேவர் பாளையத்தின் அந்தக் கோட்டைச் சுவர் மண்ணால் ஆனது. கல்லைப்போல் சிதறாமல் குண்டை உள்வாங்கிக்கொள்ளும். 1767-இல் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி கேம்பலின் படை உடைத்த இடத்தை, உள்ளே இருந்தவர்கள் வைக்கோலும் பனையும் திணித்து அடைத்தார்கள். ஆகவே பீரங்கியின் பலத்தோடு, உடைப்பு எவ்வளவு விரைவில் அடைபடுகிறது என்பதையும் விதி கணக்கிட வேண்டும். ‘கடைசியில் கோட்டை விழுந்ததே’ என்று கேட்கலாம். விழுந்தது உண்மைதான். ஆனால் 1759-இல் பீரங்கிகளோடு வந்த கம்பெனித் தளபதி யூசுப்கான் அதே கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். இந்த முடிவும் வரக்கூடிய ஆட்டம்தான் வரலாற்றுக்கு நேர்மையானது.