சொல்லின் வாலில் இருக்கும் இலக்கணம்

பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களிலும் இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்றும் அருகருகே வழங்குவதால், ஒட்டுகள், அதாவது தனித்து வழங்காமல் சொல்லின் முன்னோ பின்னோ சேர்ந்து பொருளையோ இலக்கணத்தையோ மாற்றும் உறுப்புகள், மொழிக்கு மொழி எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை அங்கே தெளிவாகக் காணலாம்.

ஆங்கிலத்தில் முன்னொட்டு பெரும்பாலும் பொருளை மட்டும் மாற்றும். பின்னொட்டோ பலவேளை சொல்வகையையே மாற்றிவிடும். 'ஹேப்பி' என்னும் பெயரடை 'அன்ஹேப்பி' ஆனபின்னும் பெயரடையே. 'ஹேப்பினெஸ்' ஆனால் பெயர்ச்சொல். 'ரிச்' என்பதை வினையாக்கும் 'என்ரிச்' இதற்கு விலக்கு. கட்டுதலைக் குறிக்கும் 'டை' என்ற வினையோடு அதே 'அன்' சேர்ந்தால், கட்டாமையை அன்றிக் கட்டியதை அவிழ்ப்பதையே குறிக்கும்.

தமிழ் ஏறத்தாழ எல்லாவற்றையும் சொல்லின் பின்னே அடுக்குகிறது. 'அநீதி' போன்றவற்றின் முன்னொட்டு வடமொழிவழி வந்தது. 'வந்தாள்' என்பதில் 'வா' என்னும் பகுதி 'வ' எனக் குறுகி நிற்க, 'த்' என்னும் இடைநிலை இறந்தகாலத்தைக் காட்ட, 'ஆள்' என்னும் விகுதி படர்க்கை, பெண்பால், ஒருமை ஆகிய மூன்றையும் ஒருங்கே உணர்த்துகிறது.

மலையாளத்தில் இவ்விகுதி இல்லை. அவன், அவள், அவர், ஞான் என எழுவாய் எதுவாயினும் வினை 'வந்நு' என்றே நிற்கும். 1896-இல் வெளிவந்து 1917-இல் திருத்தி விரிக்கப்பட்ட 'கேரள பாணினீயம்' நூலில் ஏ. ஆர். ராஜராஜ வர்மா, தமிழிலிருந்து மலையாளம் பிரிந்த வழியைக் காட்டும் ஆறு மாற்றங்களுள் இதனைப் 'புருஷபேத நிராசம்', அதாவது தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடவேறுபாட்டை விடுதல், எனக் குறித்தார். வியப்புக்குரியது, வினைமுடிவை விட்ட அம்மொழி 'கள்', 'ஓடு', 'இல்' முதலிய பெயரொட்டுகளைத் தமிழைப் போலவே காத்துவருவதாகும். ஆங்கிலமும் இவ்வகை முடிவுகளைப் பெரிதும் இழந்த மொழியே. வந்ததைக் குறிக்கும் 'கேம்' என்பது எல்லா எழுவாய்க்கும் பொது, நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் மட்டும் ஒரு 'ஸ்' எஞ்சியுள்ளது.

இவ்விழப்பைச் சிதைவு என்று கருதுவது பொருந்தாது. தமிழிலும் 'வரவில்லை' என்னும் எதிர்மறை வினை எழுவாயைக் காட்டுவதில்லை. நேற்றைக்கும் இப்போதைக்கும் ஒன்றுபோலவே வழங்குகிறது. மலையாளமோ 'வந்நில்ல' என இறந்தகாலத்தையும் 'வருந்நில்ல' என நிகழ்காலத்தையும் எதிர்மறையிலும் பிரித்துக் காட்டுகிறது.