தனிநாட்டுக் கோரிக்கையின் வரவும் செலவும்



திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில், திருவெறும்பூருக்கு அருகே, மக்கள் 'பெல்' என்று சுருக்கி வழங்கும் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை இருக்கிறது. செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் தொழில்நுட்ப உதவியோடு 1965-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது அது. முன்னர் நான் பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, இத்தொழிற்சாலை தில்லி நமக்குக் கொடுத்ததா, அல்லது நாம் தில்லிக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்ததா?" என்று வினவினான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழகத்தில் கால் நூற்றாண்டுக் காலம் மேடைதோறும் முழங்கிய ஒரு பெருவாதத்தை அச்சிறுவன் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டான்.

திராவிட நாட்டுக் கோரிக்கையைத்தான் குறிப்பிடுகின்றேன். 1930-களின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி எழுப்பிய அக்குரலை, 1949-ஆம் ஆண்டில் பிறந்த திராவிட முன்னேற்றக் கழகமும் ஏந்திச் சென்றது. சட்டமன்றத் தேர்தலில் நிற்பது என்று அக்கழகம் முடிவு செய்தது 1956-இல் இதே திருச்சி நகரில் கூடிய மாநாட்டில்தான். 1962 மே மாதத்தில் சி. என். அண்ணாதுரை மாநிலங்களவையில் தம் முதற் பேச்சிலேயே அக்கோரிக்கையை எடுத்துரைத்தார். அக்கோரிக்கைக்கு மொழி, இனம், தன்மானம் எனப் பல முகங்கள் உண்டு. நாம் இன்று பார்க்கப்போவது அதன் பொருளாதார முகத்தை மட்டுமே. "வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது" என்ற முழக்கம் நம் தாத்தாமார்களின் காதில் ஒலித்தது. அது கணக்குப் பற்றிய முழக்கம். ஆகவே கணக்காகவே அதனைச் சரிபார்க்க வேண்டும்.

முதலில் கோரிக்கையாளர் பக்கம். அவர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிந்த உண்மை. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் அரசாங்கம் எழுப்பிய மூன்று உருக்காலைகளும் பிலாய், ரூர்கேலா, துர்க்காபூர் ஆகிய இடங்களில் அமைந்தன. தெற்கே ஒன்றுகூட இல்லை. இயந்திரம் இறக்குமதி செய்ய விரும்பிய சென்னை வணிகர், தில்லி சென்று உரிமம் பெற வேண்டியிருந்தது. பெருந்தொழிலும் வங்கிகளும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குவிந்திருந்தன. அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த பண்டங்களோ தேயிலை, காப்பி, மிளகு, முந்திரி, புகையிலை, பதனிட்ட தோல் என்று பெரும்பாலும் தென்னாட்டு விளைபொருள்கள். ஈட்டுபவன் ஒருவன், செலவு செய்பவன் வேறொருவன் என்று அவர்கள் வாதிட்டனர். இதே வாதத்தைச் சணல் விற்ற கிழக்குப் பாகிஸ்தான் மக்கள் மேற்குப் பாகிஸ்தானை நோக்கி எழுப்பியதையும், 1971-இல் அது எங்கே போய் முடிந்தது என்பதையும் நீங்கள் வரலாற்றில் படித்திருப்பீர்கள். எனவே இது வெறும் மேடைப்பேச்சு என்று ஒதுக்கத்தக்கதன்று.

ஆயினும் அப்பட்டியலை மறுபடியும் நிதானமாகப் படியுங்கள். மிளகும் முந்திரியும் எங்கே விளைந்தன? பெரும்பாலும் கேரளத்தில். காப்பி? குடகிலும் சிக்கமகளூரிலும். ஏற்றுமதிப் புகையிலை? ஆந்திரத்துக் குண்டூரில். நான்கு மொழி நாடுகளும் சேர்ந்த திராவிட நாட்டுக்கு எழுதப்பட்ட வரவுக் கணக்கு அது. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. 1956 நவம்பரில் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. அம்மூன்று நாட்டாரும் இக்கோரிக்கையில் நாட்டம் காட்டவில்லை. கூட்டுக்குடும்பத்தின் வருமானத்தைக் காட்டிக் கடன் கேட்கச் சென்றவனிடம் அண்ணன் தம்பிமார் எல்லோரும் "எங்களைச் சேர்க்காதே" என்று சொல்லிவிட்டால் அவன் நிலை என்னவாகும்? என் கருத்தில், அக்கோரிக்கையின் பொருளாதாரம் தளர்ந்தது சட்டத்தால் அன்று, முதலில் இவ்விடத்தில்தான்.

ஒரு வரவைப் பற்றி மேலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்து மக்கள் 2014 செப்டம்பரில் தனிநாடு வேண்டுமா என்று வாக்களித்தார்கள்; நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் வேண்டாம் என்றனர். வேண்டும் என்றவர்களின் கணக்கேட்டில் வடகடல் எண்ணெய் பெரிய வரவு. அவ்வாண்டின் நடுவில் ஒரு பீப்பாய் எண்ணெய் நூறு டாலருக்கு மேல் விற்றது. 2015 ஜனவரியில் ஐம்பது டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. பவுன் நாணயத்தைத் தொடர்ந்து வழங்க முடியுமா என்ற வினாவுக்கும் அவர்களிடத்தில் உறுதியான விடை இல்லை. நாணயம் எது, பழைய கடனில் யாருக்கு எவ்வளவு பங்கு என்னும் இவ்வினாக்களை நம் மேடைகள் அந்நாளில் அதிகம் தொட்டதாகத் தெரியவில்லை.

அடுத்தது சந்தை. எல்லைக்கோடு விழுந்தால் வணிகம் என்னவாகும் என்பதற்குச் சான்று அக்காலத்தவரின் கண்முன்னே இருந்தது. 1947-இல் நாடு பிரிந்தபோது சணல் வயல்கள் கிழக்குப் பாகிஸ்தானிலும் சணல் ஆலைகள் கல்கத்தாவைச் சூழ்ந்தும் நின்றுவிட்டன. 1949-இல் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, பாகிஸ்தான் குறைக்கவில்லை. இரு நாட்டு வணிகமும் முடங்கிப்போயிற்று. விற்க முடியாத சணலோடு உழவன் ஒரு பக்கம், சணலின்றி ஆலைத் தொழிலாளி மறுபக்கம். இப்போது திருவெறும்பூருக்கு வாருங்கள். அங்கே உருவாகும் கொதிகலன்கள் இந்தியா முழுவதிலும் உள்ள அனல் மின் நிலையங்களுக்குச் செல்கின்றன. அவற்றை வாங்குவதற்குத் தமிழகம் மட்டும் போதுமா? அத்தொழிற்சாலையின் அளவே அனைத்திந்தியச் சந்தையை நம்பி வகுத்த அளவு. அதற்குத் தேவையான குழாய்களையும் உதிரிப் பாகங்களையும் செய்து பிழைக்கும் சிறு பட்டறைகளைத் திருச்சியைச் சுற்றி நீங்களே பார்க்கலாம்.

இவ்விடத்தில் என் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உருக்காலைகள் மூன்றும் வடக்கே போயின என்பதைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்த நான், அதன் மறுபாதியைச் சொல்லாமலே இருந்தேன்; எனக்கே அது பின்னால்தான் தெரிந்தது. 1956 முதல் 1990-களின் தொடக்கம் வரையில், ரயில் கட்டணத்தைச் சமன்செய்து, உருக்கை நாடெங்கும் ஒரே விலைக்கு விற்கும் முறை நடப்பில் இருந்தது. ஜாம்ஷெட்பூர் ஆலையின் வாயிலில் வாங்கினாலும் திருச்சியில் வாங்கினாலும் விலை ஒன்றே. அதனால் ஆதாயம் அடைந்தவர்களுள் சுரங்கத்துக்கு வெகு தொலைவிலிருந்த நாமும் உண்டு. இழந்தவை பீகார், ஒரிஸா, வங்காளம். கனிவளம் நிறைந்த அப்பகுதிகள் தங்கள் இயற்கை அனுகூலத்தை இழந்து தொழிலில் பின்தங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பொருளாதார அறிஞர் பலர் கருதுகின்றனர். அப்படியானால் 'வடக்கு' என்பது யார்? பம்பாய் வங்கியதிபரும் பீகார்ச் சுரங்கத் தொழிலாளியும் ஒரே தராசுத் தட்டில் அமர்வார்களா?

இனி ஆற்றுக்கு வருவோம். திருவரங்கத்தில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள தீவு நம் ஊர். அந்நீர் பிறக்கும் இடமோ குடகு. திராவிட நாடு என்ற பழைய வரைபடத்தில் குடகும் திருவரங்கமும் ஒரே நாட்டுக்குள் இருந்தன. தமிழ்நாடு மட்டும் தனித்து நின்றிருந்தால் காவிரி இரு நாட்டு ஆறாகியிருக்கும். சிந்து நதியை அப்படித்தான் 1960-இல் உலக வங்கி இடைநின்று பங்கிட்டது. அவ்வுடன்படிக்கையை நிறுத்திவைப்பதாக 2025 ஏப்ரலில் இந்தியா அறிவித்தது. காவிரி வழக்கோ 1990-இல் அமைத்த நடுவர் மன்றத்தில் தொடங்கி, உச்ச நீதிமன்றத்தின் 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நமக்கு 404.25 டி.எம்.சி. என்று முடிந்தது. காலம் மிக நீண்டது. நம் உழவர் பட்ட வேதனையும் பெரிது. தீர்ப்புக்குப் பின்னும் மழை பொய்த்த ஆண்டுகளில் பூசல் தீர்ந்தபாடில்லை. ஆயினும் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் நீதிமன்றம் ஒன்று இருந்தது. வரவு செலவு ஏட்டில் இதனை எந்தப் பக்கத்தில், எத்தனை ரூபாய் என்று எழுதுவது?

1962 அக்டோபரில் சீனப் போர் மூண்டது. 1963-இல் அரசியல் சட்டத்தின் பதினாறாம் திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர் நாட்டின் இறையாண்மையையும் ஒருமையையும் காப்பதாக உறுதிமொழி கூற வேண்டும் என்றாயிற்று. கழகம் கோரிக்கையைக் கைவிட்டது. ஆனால் பிரிவினைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அண்ணாதுரை கூறினார். அவர் கூறியதில் உண்மை இருந்தது. அக்காரணங்கள் வேறு வழியில் நடக்கத் தொடங்கின. சேலம் உருக்காலைக்காகத் தமிழகம் ஓயாமல் கேட்டது. 1970-இல் அடிக்கல் நாட்டி, 1980-களின் தொடக்கத்தில்தான் ஆலை ஓடியது. தூத்துக்குடி 1974-இல் பெருந்துறைமுகமாயிற்று. 1969-இல் மு. கருணாநிதி அரசு அமைத்த ராஜமன்னார் குழு, மாநிலங்களுக்கு வரியிலும் அதிகாரத்திலும் கூடுதல் பங்கு வேண்டும் என்று 1971-இல் அறிக்கை தந்தது. நாடு பிரிய வேண்டும் என்ற வாதம், பங்கு பெருக வேண்டும் என்ற வாதமாக மாறியது.

அந்தப் பங்கு வாதம் இன்றும் ஓயவில்லை. மத்திய அரசு பகிரும் வரியில் ஒன்பதாம் நிதிக் குழு தமிழ்நாட்டுக்கு வகுத்த பங்கு நூற்றுக்கு 7.931, 2021 முதல் 2026 வரைக்குப் பதினைந்தாம் குழு வகுத்தது 4.079. 2011 கணக்குப்படி நாட்டு மக்களில் நாம் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பேர். குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னின்ற மாநிலத்துக்கு இது தண்டனை அல்லவா என்ற கேள்வியில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது சரி; எவ்வளவு கூடுதல், எத்தனை ஆண்டுக்கு என்பதற்கு ஒரு வரையறை வேண்டும்.

அன்று வகுப்பில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசி வரிசையிலிருந்து, பெரம்பலூரிலிருந்து வந்து படித்த மற்றொரு மாணவன் எழுந்தான். "ஐயா, சென்னையும் கோயம்புத்தூரும் கட்டும் வரியில்தானே எங்கள் ஊருக்குச் சாலை போடுகிறார்கள்? அவர்களும் இப்படிக் கணக்குக் கேட்டால் என்ன சொல்வது?" என்றான். முதலில் கேட்டவன் திரும்பி அவனைப் பார்த்தான். நான் விடை சொல்லத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. மறுநாளும் அதே கரும்பலகையில் அதே கணக்கைத்தான் தொடர்ந்தோம்.