நாற்சந்தியை மாற்றப் போகிறார்களா? கருத்துக்கேட்புக் கூட்டம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

கோவையில் சில ஆண்டுகளாகப் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானாவும் யூ டர்னும் கொண்டுவந்திருக்கிறார்கள். லாலி ரோடு சந்திப்பு அவற்றில் ஒன்று. நிற்காமல் போக முடிகிறது என்று வண்டியோட்டிகள் சொல்ல, ‘நாங்கள் எப்படிக் கடப்பது?’ என்று நடந்து போகிறவர்கள் கேட்டார்கள். வேலை முடிந்தபின் எழும் இந்தக் கேள்வி, வரைபடம் மேசையில் இருக்கும்போதே எழ வேண்டும்.

எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுத்தானே கூப்பிடுகிறார்கள்?

டெண்டர் விட்டபின் கூப்பிட்டால் இந்தச் சந்தேகம் நியாயமானதே. அதனால் கூட்டத்தில் முதலில் டெண்டர் நிலவரத்தைக் கேளுங்கள். கூட்டமே நடக்கவில்லையென்றால், 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் தொடங்கிய பகுதி சபைக் கூட்டங்களில் வரைபடத்தைக் காட்டச் சொல்லலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் நகல் கேட்கலாம்; 30 நாளில் பதில் வர வேண்டும். சாலை மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று தெரிந்துகொண்டு மனுக் கொடுங்கள். போக்குவரத்துக் காவல் துறைக்கும் ஒரு நகல் போகட்டும்.

சிக்னல் நல்லதா, ரவுண்டானா நல்லதா?

நான்கு பக்கமும் இருவழிச் சாலையாக உள்ள சந்திப்பில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32. ரவுண்டானாவில் அது 8. வேகமும் குறைவதால் மோதினாலும் உயிரிழப்பு குறைகிறது. ஆனால் சிக்னல் இருந்தால் எல்லா வண்டியும் நிற்கும் சில நொடிகளாவது கிடைக்கும். ரவுண்டானாவில் அதுவும் இல்லை. ஆகவே ரவுண்டானா வேண்டுமென்றால், ஒரு கார் நீளம் பின்தள்ளி ஜீப்ரா கிராசிங்கும், பாதி கடந்ததும் நின்று மூச்சுவிட நடுவில் திட்டும் வேண்டும். இவை இல்லாத ரவுண்டானாவை ஏற்கக் கூடாது என்பதே என் கருத்து.

வரைபடத்தில் எதைப் பார்ப்பது?

சாலை முனை எப்படி வளைகிறது என்று பாருங்கள். வளைவு அகலமாக இருந்தால் வண்டி வேகம் குறையாமல் இடதுபக்கம் திரும்பும். நாம் கடக்க நிற்பதோ அதே இடம். பிறகு, நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு எத்தனை நொடி என்று கேளுங்கள். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 14 மீட்டர் சாலையைக் கடக்கக் கிட்டத்தட்ட 12 நொடி போதும். கையில் பையோடு, மூட்டுவலியோடு, நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பாட்டிக்குப் 17 நொடிக்கு மேல் ஆகும். 12 நொடிக்கு அமைத்தால் அவர் இன்னும் 4 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும்போதே விளக்கு மாறிவிடும். 2022-ல் நாடு முழுவதும் சாலையில் நடந்து சென்றபோது விபத்தில் இறந்தவர்கள் 32,825 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு.

நடைபாதை விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. சக்கர நாற்காலி இறங்கும் சரிவு, 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் ஏறக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர், மின்கம்பம், பஸ் நிறுத்தம், ஷேர் ஆட்டோ நிற்கும் இடம் எல்லாம் வரைபடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரைக் குறிக்காத வரைபடத்தில் நடைபாதை அகலமாகத்தான் தெரியும்.

கடைகளுக்கு வியாபாரம் போய்விடாதா?

பயம் புரிகிறது. சென்னை பாண்டி பஜார் கடைத்தெருவில் நடைபாதை வளாகம் அமைத்தபோதும் பார்க்கிங் பற்றிய கவலை எழுந்தது. சரக்கு இறக்கும் நேரமும் இடமும் எது என்று வியாபாரிகள் இப்போதே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

தள்ளுவண்டிக்காரர்கள்?

அவர்களை அழைக்காத கூட்டம் முழுமையான கூட்டம் அல்ல. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, இடம் மாற்ற 30 நாள் அறிவிப்புத் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவிலும் அவர்களுக்கு 40 சதவீத இடம் உண்டு.

என் நிலம் போகுமா?

நிலம் எடுப்பதற்கு முறையான தனி அறிவிப்பு வர வேண்டும். கூட்ட வருகைப் பதிவில் போட்ட கையெழுத்து நிலம் தரச் சம்மதம் ஆகாது.

கட்டியபின் தவறென்று தெரிந்தால்?

அதற்காகத்தான் ஒத்திகை கேட்க வேண்டும். பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதை வளாகம் திறப்பதற்கு முன்பே வண்டிகளைத் தடுத்து ஒத்திகை பார்த்தார்கள். சந்திப்பிலும் தடுப்புகளையும் பெயின்ட்டையும் வைத்துச் சில வாரம் ஓட்டிப் பார்க்கலாம். பள்ளி விடும் நேரம், மழை நாள், முகூர்த்த நாள் மூன்றும் அதற்குள் வர வேண்டும். ஒத்திகையில் கண்ட குறைகளுக்கு வரைபடத்தில் என்ன மாற்றம் செய்தார்கள் என்பதை, கான்கிரீட் போடுவதற்கு முன் அதே மக்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.