பத்து சென்ட் காசும் போலியோ தடுப்பூசியும்

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது அரசாங்கமும் கோடீசுவரர்களும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் போலியோ தடுப்பூசி பிறந்ததே சாதாரண ஜனங்கள் போட்ட சில்லறைக் காசில்!

1921-ல் இளம்பிள்ளை வாதம் என்று டாக்டர்கள் சொன்ன நோயால் நடக்க முடியாமல் போனவர் ரூஸ்வெல்ட். அமெரிக்க ஜனாதிபதியான பின் 1938-ல் இதற்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கினார். எடி கேன்டர் என்ற நகைச்சுவை நடிகர், ஆளுக்கு ஒரு பத்து சென்ட் காசை வெள்ளை மாளிகைக்கே அனுப்பச் சொன்னார். 25 லட்சத்துக்கும் மேல் வந்து குவிந்தது! 1950-ல் ஃபீனிக்ஸ் நகரத் தாய்மார்கள், "கொடுக்க விருப்பமா? வாசல் விளக்கைப் போட்டு வையுங்கள்" என்று சொல்லிவிட்டு வீடு வீடாகப் போனார்கள். விளக்குப் போடாத வீட்டுக்காரருக்குத்தான் கூச்சமாக இருந்திருக்கும்!

சரி, காசெல்லாம் எங்கே போச்சு? பெரும்பங்கு சிகிச்சைக்கு. மூச்சுத் தசை முடங்கியவர்களை 'இரும்பு நுரையீரல்' என்ற உருளைக்குள் படுக்க வைப்பார்கள், தலை மட்டும் வெளியே. உள்ளே காற்றழுத்தம் குறைந்தால் மார்பு விரியும், மூச்சு உள்ளே போகும். அழுத்தம் ஏறினால் மூச்சு வெளியே வரும். நம்ம லேபில் பார்க்கும் பம்ப் கதைதான்.

சிறு பங்குதான் ஆராய்ச்சிக்கு. அந்த உதவியில் பாஸ்டனில் எண்டர்ஸ் குழு 1949-ல் போலியோ வைரஸை நரம்பல்லாத திசுவில், கண்ணாடிக் குழாயில் வளர்த்துக் காட்டியது. அதுவரை குரங்கின் நரம்புத் திசுவை நம்ப வேண்டியிருந்தது. அதில் செய்யும் மருந்து ஆபத்தானது. இந்த வழி கிடைத்த பிறகே சால்க் தடுப்பூசி செய்தார். 1954-ல் சுமார் 18 லட்சம் பிள்ளைகளை வைத்து நடந்த சோதனைக்கும் இதே காசுதான். 1955 ஏப்ரல் 12-ல் வெற்றி அறிவிப்பு வந்தது.

நான் இதை எழுதக் காரணம் எங்கள் சித்தப்பா. இரண்டு வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிவிட்டது. சொட்டு மருந்து என்று ஒன்று இருப்பதே பாட்டிக்குத் தெரியாது. பெரியவரானதும் ஒரு சங்கத்தார் மூன்று சக்கர வண்டி கொடுத்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வண்டியில் போய்த்தான் பெட்டிக்கடை நடத்தி என் பீஸைக் கட்டுகிறார். ஆனால் சூம்பாமல் தப்பித்த காலை யார் போட்டோ எடுப்பார்கள்? ஆராய்ச்சிக்கு நன்கொடை கேட்பவனின் கஷ்டம் இதுதான். அமெரிக்காவில், காலில் கம்பி கட்டிய குழந்தையின் படத்தைப் போஸ்டரில் போட்டுக் கேட்டார்கள். வந்ததில் ஒரு பகுதியை யாரும் எட்டிப் பார்க்காத ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பினார்கள். தந்திரம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நம் நாட்டில் இயற்கை வைரஸால் போலியோ வந்த கடைசிக் குழந்தை 2011 ஜனவரியில் ஹவுராவில். இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தப் பத்து சென்ட் நம்ம காசுல எவ்வளவுடா?" என்றார்.