மனப்பதற்றமும் உடலின் காவல் ஏற்பாடும்

உள்ளத்துக் கவலை உடலை வாட்டும் என்பதை யாவரும் அறிவர். உடலில் நிகழும் மாறுதல் உள்ளத்தில் கவலையை எழுப்பவும் கூடும் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் வருவதில்லை, காரணமின்றி அச்சம் தோன்றுகிறது என்று ஒருவர் நம்மிடம் கூறும்போது, அவருடைய மனவுறுதியிலோ விசுவாசத்திலோ குறை காண விரைகிறோம். நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பற்றிய ஆய்வுகளை அறிந்தவர் இத்தகைய தீர்ப்பை எளிதில் வழங்கமாட்டார்.

1. நெருக்கடியில் நிகழ்வது யாது?

அபாயம் எதிர்ப்படும்போது மூளை இரு வழிகளில் உடலை எழுப்புகிறது. பரிவு நரம்புகளின் ஆணையால் அட்ரீனலின் சுரந்து, இதயத் துடிப்பு விரைவடைகிறது. பின்னர் ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி ஆகியவற்றின் தூண்டுதலால் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசாலை வெளியிடுகிறது. எதிர்த்து நிற்கவோ தப்பியோடவோ உடலை ஆயத்தப்படுத்தும் இவ்வேற்பாட்டை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விளக்கினார்.

போராட்டத்தில் காயம் நேரலாம். காயத்தின் வழியே கிருமி நுழையலாம். ஆகவே அதே ஆணையால் வெள்ளணுக்களும் அணிவகுக்கின்றன. மோனோசைட்டு என்னும் வகை அணுக்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து புறப்பட்டு இரத்தத்தில் பெருகுகின்றன. இத்தகைய அணுக்கள் சைட்டோகைன் எனப்படும் வேதித் தூதுகளை வெளியிட்டு அழற்சியை உண்டாக்குகின்றன. அழற்சி எல்லை மீறாதபடி அதனை அடக்குவது கார்ட்டிசாலின் கடமைகளுள் ஒன்று. நெருக்கடி நாட்கணக்கில் நீளுமாயின், அணுக்கள் கார்ட்டிசாலின் கட்டளைக்குச் செவிசாய்ப்பது குறைந்துவிடுகிறது. கடன் தொல்லையிலும் குடும்பப் பூசலிலும் காயம் ஏதுமில்லை. எனினும் உடல், காயத்திற்குரிய ஆயத்தத்தையே மீண்டும் மீண்டும் மேற்கொள்கிறது.

2. தூது மூளையை எட்டுதல்

இரத்தத்தில் உலவும் சைட்டோகைன்களின் செய்தி மூளைக்கும் செல்கிறது. வேகஸ் நரம்பு அதனை எடுத்துச் செல்லும் வழிகளுள் ஒன்று. இரத்த ஓட்டம் மற்றொன்று. செய்தி எட்டியதும், மூளையின் காவல் அணுக்களாகிய மைக்ரோகிளியா விழித்தெழுந்து, தாமும் அத்தகைய பொருள்களைச் சுரக்கின்றன. காய்ச்சலின்போது உணவில் வெறுப்பும், தனித்திருக்கும் விருப்பமும், மனச்சோர்வும் தோன்றுவதற்கு இதுவே முக்கிய காரணமாகும்.

இதனை மனிதரிடத்தில் சோதித்த ஆய்வொன்று 2001இல் வெளியாயிற்று. ஜெர்மனியின் மியூனிக் நகரில், உடல்நலமுள்ள 20 ஆடவருக்கு, பாக்டீரியாவின் உறையிலிருந்து பிரித்தெடுத்த நச்சுப்பொருள் மிகச் சிறிய அளவில் ஊசி மூலம் செலுத்தப்பட்டது. மற்றொரு வேளையில் அவர்களுக்கே வெற்று ஊசி போடப்பட்டது. எது எப்பொழுது போடப்பட்டது என்பதை அவர்கள் அறியார். நச்சுப்பொருள் செலுத்தப்பட்ட வேளையில் சைட்டோகைன்கள் உயர்ந்தன, பதற்றமும் சோர்வும் மிகுந்தன, நினைவாற்றல் குன்றியது. துயரச் செய்தி எதுவும் அவர்களுக்குக் கூறப்படவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

3. எலிகள் கற்பிப்பது

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் ஷெரிடனும் அவர்தம் உடனுழைப்போரும் சுண்டெலிகளை ஆராய்ந்தனர். கூட்டமாக வாழும் எலிகளின் கூண்டில் மூர்க்கமான எலியொன்று நாள்தோறும் 2 மணி நேரம், 6 நாள்கள் விடப்பட்டது. தோல்வியுற்ற எலிகளின் மூளையில், அச்சத்தை மதிப்பிடும் பகுதிகளில் மோனோசைட்டுகள் வந்து சேர்ந்தன. எலிகள் வெட்டவெளியை அஞ்சி ஒதுங்கின. இன்டர்லூக்கின்-1 என்னும் சைட்டோகைனை உணரும் ஏற்பி இல்லாத எலிகளிடம் அப்பதற்றம் தோன்றவில்லை.

அவர்களுடைய மற்றொரு முடிவு 2014இல் வெளியாயிற்று. முன்பு துன்புற்ற எலிகள், பதற்றம் தணிந்த பின்னரும், சிறிதளவு நெருக்கடி நேர்ந்தவுடனே மீண்டும் பதறின. மண்ணீரலில் தங்கியிருந்த மோனோசைட்டுகளே மறுபடியும் மூளைக்குச் சென்றன. மண்ணீரல் அகற்றப்பட்ட எலிகளில் பதற்றம் அவ்வாறு திரும்பவில்லை. பழைய துன்பத்தின் சுவட்டை உடலும் சுமக்கிறது என்பது இதனால் புலனாகிறது.

4. நாம் கொள்ள வேண்டுவன

எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடலாகாது. பதற்றம் அனைத்திற்கும் அழற்சியே காரணம் என்பதும் தவறாகும். இழப்பு, தனிமை, வறுமை, பரம்பரை இவற்றின் பங்கும் பெரிது. ஆயினும் துன்புறுவோரைச் சந்திக்கும் பணியில் உள்ள நமக்கு மூன்று கடமைகள் தெளிவாகின்றன.

முதலாவது, பதறுகிறவரைக் கடிந்துகொள்ளலாகாது. கடிந்துரையும் ஒரு நெருக்கடியே. அது முன்னைய சுமையோடு சேரும். இரண்டாவது, அண்மையில் நோயுற்றாரா, உறக்கம் எவ்வாறு உள்ளது, எத்தனை காலமாக இச்சுமையைத் தாங்குகிறார் என்று பொறுமையாக விசாரித்து, தேவையெனில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஜெபத்தோடு மருந்தையும் ஏற்பவரை நம்பிக்கை குன்றியவர் என எண்ணுதல் தகாது. மூன்றாவது, முன்பொருமுறை பெருந்துன்பத்தைக் கடந்தவர் அற்பக் காரியத்திற்குக் கலங்கினால் வியப்படையலாகாது. அவரது உடல் பழைய போரை இன்னும் மறக்கவில்லை. அவருக்கு அறிவுரையினும் தேவையானது, சுமையில் ஒரு பகுதியையேனும் இறக்கி வைக்க உதவும் ஒரு துணையே.